எதிர்க்கட்சிக்கு ஓர் அத்தியாயம்

ஜூன் 4

மதிப்பிற்குரிய கிரேக்க மொழிப் பேராசிரியை அவர்களுக்கு,

எங்கள் இறையியல் கல்லூரியின் சார்பில் வணக்கம். இரு கல்லூரிகளும் ஆசிரியர், நூலகம், பாடக்குறிப்பு ஆகியவற்றைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது காலத்தின் கட்டாயம் என்று எங்கள் முதல்வர் கருதுகிறார்.

இதுவரைக்கும் முதல்வர் சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது அவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார். குறட்டை வருவதைப் பார்த்தால் ஆழமான ஜெபம்தான். ஆகவே மீதியை நானே எழுதிவிடுகிறேன். எப்படியிருக்கிறாய் அக்கா?

விஷயம் இதுதான். எங்கள் கிரேக்க வாத்தியார் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து தாக்கீது வந்தது: எபிரெயம், கிரேக்கம் இரண்டுக்கும் தகுதியான ஆசிரியர் இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இறுதித் தேர்வு எழுத முடியாது. எபிரெயத்துக்கு நான் இருக்கிறேன். கிரேக்கத்துக்குக் கரும்பலகை மட்டும் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் இதே கதை தலைகீழாம். எபிரெயத்துக்கு ஆள் இல்லையாம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. உங்கள் நூலகரும் எங்கள் நூலகரும் சகலைகள். சகலைகளுக்கு நடுவில் ரகசியம் என்று எது நின்றிருக்கிறது?

ஒரே வேதத்தைப் படிக்கும் கல்லூரிகள்தான் நம்முடையவை. கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தால் செல்லும் என்கிறோம் நாங்கள். வளர்ந்து, விசுவாசித்து, தண்ணீரில் முழுகினால்தான் செல்லும் என்கிறீர்கள் நீங்கள். அந்த ஒரு கேள்வியில் இரண்டு கல்லூரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. போதகர் வீடான நம் வீட்டிலும் அதே கேள்விதான், அதே முகத்திருப்பல்தான்.

போனில் கேட்டிருப்பேன். போனில் நம் பேச்சு உன் சர்க்கரை, என் ரத்தக்கொதிப்பு, இரண்டு ஊர் மழை இவற்றைத் தாண்டுவதில்லையே.

பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும் அக்கா. அதற்காக எதற்கும் தயார். உன்னிடம் கெஞ்சுவது உட்பட.

தம்பி

*

ஜூன் 10

தம்பிக்கு,

ஜெபிக்கும் முதல்வருக்கு என் வணக்கத்தைச் சொல். எழுந்த பிறகு சொல்.

சம்மதம். எங்கள் பிள்ளைகளுக்கும் பரீட்சை இருக்கிறது. ஆனால் என் சொற்படி நடக்கும்.

சனிக்கிழமை உங்கள் பிள்ளைகள் பஸ் ஏறி இங்கே வரட்டும், நான் கிரேக்கம் நடத்துகிறேன். புதன்கிழமை எங்கள் பிள்ளைகள் அங்கே வருவார்கள், நீ எபிரெயம் நடத்து. நாம் இருவரும் நேரில் சந்திக்க வேண்டியதில்லை. சந்தித்தால் நீ சிரிக்கவைப்பாய், நான் சிரிப்பேன், பேச வேண்டியதைப் பேசாமல் பஸ் ஏறிவிடுவோம். இத்தனை வருஷமும் அப்படித்தானே போயிற்று?

புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் போய் வரும். எங்கள் பெரிய அகராதியை அனுப்புகிறேன். அதன் மேல் டீ கிளாஸ் வைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. பாடத்திட்டத்தில் ஞானஸ்நானம் பற்றி இரண்டு கொள்கைகளையும் நடத்த வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு கல்லூரிக்கும் பொதுவான குறிப்பு தயாரிப்போம். அதில் எங்கள் கட்சியை நீ எழுது. உங்கள் கட்சியை நான் எழுதுகிறேன். நீ எழுதியதைப் படித்து, "ஆமாம், நான் நம்புவது இதுதான்" என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அது வகுப்புக்குப் போகும். என்னுடையதற்கும் அதே சட்டம்.

நான் முழுகி ஞானஸ்நானம் எடுத்த அன்று, "அப்பா உன் தலையில் விட்டது தண்ணீர் இல்லையா?" என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம் போட்டாய். பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நீயே முதலில் என் பதிலை எழுதிப் பார். எவ்வளவு தூரம் வருகிறாய் என்று பார்க்கிறேன்.

அக்கா

*

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பிள்ளைகள் நேற்று வந்தார்கள். தங்கமான பிள்ளைகள். என் நகைச்சுவைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. "மேடம் எங்களை முன்னாடியே எச்சரிச்சிட்டாங்க சார்" என்றாள் முன்வரிசைப் பெண். சொந்தத் தம்பியின் பிழைப்பில் இப்படியா மண்ணைப் போடுவது?

தகரப் பெட்டிக்கு இங்கே ராஜமரியாதை. நூலகர் அதைத் திறக்கும்போது சகலையின் கைவண்ணத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளிக்கிறார். "இப்படியா புத்தகத்தை அடுக்குவான்? அவன் கல்யாண வீட்டுல பாத்திரம் அடுக்கினதையும் பார்த்திருக்கேன்" என்கிறார். அகராதியின் அட்டையில் ஒரு வட்டமான கறை தெரியும். அது வரும்போதே இருந்தது. (அக்கா, அது வரும்போது இல்லை.)

எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் இரும்புக்கடைக்காரர், உனக்கு ஞாபகம் இருக்கும். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். நேற்று வராந்தாவில் என்னை மடக்கினார். "வாத்தியாரே, அவங்க கிரேக்கம் மட்டும்தானே நடத்துறாங்க? கூடவே தண்ணியையும் காட்டிடப் போறாங்க!" அங்கே உங்கள் ஞானஸ்நானத் தொட்டி வகுப்பறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

உங்கள் கட்சி அத்தியாயத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நியாயமாக எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். எழுதும்போது பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. வைத்தியச் செலவை எந்தக் கல்லூரி ஏற்கும் என்று இரண்டு முதல்வர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.

தம்பி

*

ஜூலை 9

தம்பிக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன். திருப்பி அனுப்புகிறேன்.

நீ எழுதியிருப்பது எங்கள் கொள்கை இல்லை, எங்களைப் பற்றிய கேலிச்சித்திரம். தண்ணீர் எவ்வளவு ஆழம், முடி முழுக்க நனைய வேண்டுமா, தொட்டிக்கு வெந்நீர் உண்டா என்று மூன்று பக்கம். படித்தால் நீச்சல் குளத்துக்கு விதிமுறை எழுதினாற்போல் இருக்கிறது. முழுகுவதைப் பற்றியே எழுதியிருக்கிறாய். ஏறி வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏறி வருவதற்காகத்தான் நாங்கள் முழுகுகிறோம். இத்தனை வருஷம் இறையியல் நடத்தும் உனக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

உனக்குத் தெரியாததை ஒன்று சொல்கிறேன். தொட்டியிலிருந்து ஏறி வருகிறவர்களுக்குக் கரையில் வீட்டார் துண்டோடு நிற்பார்கள். அதில் சடங்கு ஒன்றும் இல்லை, நனைந்தவருக்குக் குளிரும், அவ்வளவுதான். நான் ஏறி வந்தபோது நம் வீட்டிலிருந்து ஒருவரும் இல்லை. என் மாமியார்தான் தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்தார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை, அவருடைய மனசாட்சி அவருக்கு. உன்னையும் சொல்லவில்லை. எழுது என்கிறேன், அவ்வளவே. ஏறி வருகிறவளின் கண்ணால் எழுது.

பல் ஆடினால் பிடுங்கிவிடு. நன்றாகப் பேசும் ஆளுக்குப் பல் இல்லாதது ஒரு தடை இல்லை.

அகராதியில் இன்னொரு வட்டம் விழுந்தால் நூலகங்கள் மட்டும் பிரியும், கல்லூரிகள் பிரியாது.

அக்கா

*

ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

திரும்ப எழுதினேன். முதல் முறை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஏறி வரும் படியிலிருந்து ஆரம்பித்தேன். நான்கு பக்கம். இந்த முறை பல் ஆடவில்லை. நடுவில் ஓர் இடத்தில் வேறு ஏதோ ஆடியது, அது என்ன என்று பார்க்காமல் எழுதி முடித்துவிட்டேன்.

நீ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிய பிரதி இன்று கிடைத்தது. "இதுதான்" என்று ஒற்றைச் சொல். ஆய்வுப் பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை; அந்த ஆய்வேட்டை யாரும் படிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

நீ எழுதிய எங்கள் கட்சி அத்தியாயமும் பெட்டியில் இருந்தது. வராந்தாவிலேயே நின்று படித்தேன். மூன்றாம் பக்கத்தில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் கையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறதே, அதற்கு மேல் நின்று படிக்க முடியவில்லை. உட்கார்ந்து படித்தேன். அதைப் பற்றி இப்போது எதுவும் எழுதப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பேனா மூடியைத் தொலைத்தும்விட்டேன்.

அடுத்த வாரம் இரண்டையும் வகுப்பில் நடத்துகிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 3

அக்கா,

அவசரம். பெட்டியில் புத்தகம் ஒன்றும் இல்லை, இந்தக் கடிதம் மட்டும்தான்.

எங்கள் மூன்றாம் ஆண்டில் நெட்டை என்று ஒரு பையன். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே வரத் தெரியாதவன். ஆனால் வகுப்பில் முதல் அவன்தான். சனிக்கிழமைதோறும் உன் கேள்விகளுக்குப் பதில் சொல்பவனும் அவனாகத்தான் இருப்பான். நேற்று வகுப்பு முடிந்ததும் வந்து நின்றான்.

"சார், நான் முழுகி ஞானஸ்நானம் எடுக்கணும்."

"யாருப்பா உன் மனசை மாத்தினது? கிரேக்க மேடமா?"

"இல்ல சார். அவங்க இலக்கணம் தவிர ஒரு வார்த்தை பேசல. நீங்கதான்."

"நானா?"

"நீங்க நடத்தின அந்த நாலு பக்கம் சார். ஏறி வர்றதைப் பத்தி."

அக்கா, குழந்தை ஞானஸ்நானத்தைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். எதிர்க்கட்சிக்கு இலவசமாக ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்! அந்த நான்கு பக்கத்தை நான் நடத்திய அன்று வகுப்பே அசையாமல் உட்கார்ந்திருந்தது. என் நடையழகு என்று நினைத்துக் கர்வப்பட்டேன். நடையழகுதான் போலிருக்கிறது, நடந்து உன் வீட்டு வாசலுக்கே போய்விட்டது.

அவன் விடுதியில் சொல்லி, விடுதி சமையல்காரரிடம் சொல்லி, அவர் நூலகரிடம் சொல்லி, இன்று காலை இரும்புக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை குழு கூடுகிறது. நெட்டையை நீக்க வேண்டும், உங்களோடு எல்லாப் பகிர்வையும் நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் தயாராகிவிட்டதாம். நிறுத்தினால் கிரேக்கம் இல்லை. கிரேக்கம் இல்லாவிட்டால் வகுப்பில் ஒருவருக்கும் பட்டம் இல்லை. முதல்வர் இந்த முறை நிஜமாகவே ஜெபிக்கிறார், கண்ணைத் திறந்துகொண்டு.

நான் விடப்போவதில்லை. ஆனால் எதைச் சொல்லி விடாமல் இருப்பது என்றுதான் தெரியவில்லை.

தம்பி

*

செப்டம்பர் 5

தம்பிக்கு,

இன்று வகுப்பு முடிந்ததும் நெட்டை என்னிடமும் வந்தான். எங்கள் முதல்வருக்குச் செய்தி எட்டியதும் தொட்டியைக் கழுவச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார், அவ்வளவு சந்தோஷம். கழுவ வேண்டாம் என்று நான் நிறுத்தினேன்.

"எங்க பக்கம் ஒருத்தன் வர்றான்னா உங்களுக்கு ஏன் இந்த முகம்?" என்றார்.

"அவன் கிரேக்கம் படிக்க வந்தான் சார். பாடம் நடத்தறேன்னு கூப்பிட்டு ஆளைத் தூக்கிக்கிட்டா, அடுத்த வருஷம் எந்தக் கல்லூரி நம்மகிட்டப் பெட்டி அனுப்பும்?" என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

நெட்டையிடம் சொன்னது: முதலில் பரீட்சை எழுது. உன் அம்மாவிடம் நீயே போய்ச் சொல், யார் வாயிலிருந்தும் அவர் கேட்க வேண்டாம். அதற்குப் பிறகும் இதே மனம் இருந்தால் வா. தொட்டி எங்கும் ஓடிப்போகாது. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு நிலையில் இடித்துக்கொண்டு வெளியே போனான். நான் அப்படி வீட்டில் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

குழுவில் மன்னிப்புக் கேட்காதே. நீ தப்பு செய்யவில்லை. அவர்கள் ஒரு அத்தியாயத்தைப் பற்றித்தானே பேசுகிறார்கள்? இரண்டு அத்தியாயம் இருக்கிறது. இன்னொன்றையும் எடுத்துப் போ. வாசி. உரக்க வாசி. யார் எழுதியது என்று கேட்டால் மறைக்காதே. கேட்கும்வரை நீயாகச் சொல்லவும் வேண்டாம்.

அன்று ஜோக் அடிக்காதே. ஒரே ஒரு நாள் உன்னால் முடியும்.

அக்கா

*

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஜோக் அடிக்கவில்லை. என் மனைவியிடம் கேட்டுப் பார், வீட்டுக்கு வந்த பிறகு சேர்த்துவைத்து அடித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீள மேசை, தலைமாட்டில் இரும்புக்கடைக்காரர். என்னைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அது ஒரு கால் குட்டையான நாற்காலி. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குழுவுக்கு மறுப்புச் சொல்வதுபோலவே இருந்தது.

"வாத்தியாரே, நீங்க யாருக்குச் சம்பளக்காரர்? நமக்கா, அவங்களுக்கா?" என்றார் தலைவர்.

"பிள்ளைங்களுக்கு" என்றேன். இதுவும் ஜோக் இல்லை.

"அவங்க பக்கத்தை இவ்வளவு கனமா எழுதினீங்களே. நம்ம பக்கத்துல இதுல பாதி கனம் இருக்கா?"

"இருக்குங்க. வாசிக்கட்டுமா?"

எழுந்து நின்று வாசித்தேன். முதல் பக்கம் வாசிக்கும்போது ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்தார். மூன்றாம் பக்கத்தில் உன் பத்தி வந்தது. உனக்கே அதைத் திரும்ப எழுதிக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்:

"குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று மறுப்பவர்கள் சொல்கிறார்கள். ஆம், தெரியாது. தன்னைத் தூக்கி வைத்திருக்கும் கையை எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுத்ததில்லை. அந்தக் கை, தண்ணீரைத் தொடும் முன் வாயருகே போகிறது. உள்ளங்கையில் ஊதிச் சூடேற்றிக்கொள்கிறது, குழந்தை திடுக்கிடக் கூடாது என்று. குழந்தைக்கு அதுவும் தெரியாது. கேட்பதற்கு முன்பே கொடுக்கப்படுவதைத்தான் இவர்கள் கிருபை என்கிறார்கள்."

வாசித்து முடிப்பதற்குள் தலைவர் கையை உயர்த்தினார். போச்சு என்று நினைத்தேன்.

"இருங்க, இருங்க. கையில ஊதறது... இது நம்ம சபையில போதகரா இருந்த பழைய ஐயர் இல்ல? என் மூணு பிள்ளைங்களுக்கும் அவர்தான் குடுத்தார். மூணு தடவையும் ஊதினார். ஏன் ஐயரே ஊதறீங்கன்னு நான்தான் கேட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க வாத்தியாரே. அப்பாவை விட்டுக்கொடுக்காம எழுதியிருக்கீங்க."

"நான் எழுதலீங்க. ஐயரோட மக எழுதினது."

"எந்த மக? அந்த முங்கின பொண்ணா?"

"அதே பொண்ணுதாங்க."

என் நாற்காலிகூட ஆடவில்லை, நான் நின்றுகொண்டிருந்தேனே. பிறகு நீ நெட்டையிடம் சொன்னதையும், தொட்டியைக் கழுவவிடாமல் தடுத்ததையும் சொன்னேன். அந்தக் கழுவாத தொட்டிதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். கடைக்காரர் அல்லவா, வந்த வியாபாரத்தை ஒருவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அதன் எடை அவருக்குத்தான் தெரியும்.

"நம்ம கட்சியை நம்மைவிடக் கனமா எழுதத் தெரிஞ்ச எதிரியை விட்டா, அப்புறம் எங்க போய்த் தேடறது? பெட்டி போய் வரட்டும். பையன் பரீட்சை எழுதட்டும். அதுக்கப்புறம் அவன் பாடு, கர்த்தர் பாடு" என்றார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பையும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். அதோடு அது நின்றுவிட்டது.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பத்தி எங்கள் கட்சி மட்டும்தானா?

தம்பி

*

செப்டம்பர் 13

தம்பிக்கு,

ஆமாம், உங்கள் கட்சி மட்டும்தான். என் நம்பிக்கை மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. சந்தோஷப்பட்டுவிடாதே.

ஆனால் உங்கள் கட்சியை எழுத வேண்டுமென்றால் உங்கள் பக்கம் வந்து நின்றுதான் எழுத வேண்டும். வந்து நின்றேன். அங்கிருந்து பார்த்தபோது அப்பாவின் கை தெரிந்தது. நீ பிறந்து உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் முன்வரிசையில் நின்று பார்த்த கை. எழுதி முடித்ததும் என் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். கை இன்னும் தெரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

உன் பழைய கேள்விக்குப் பதில் வேண்டுமானால் இவ்வளவுதான்: அப்பா விட்ட தண்ணீரைக் கழுவிப் போட நான் முழுகவில்லை. எனக்கு ஏறி வர வேண்டியிருந்தது. அதை நீயே என்னைவிட நன்றாக எழுதிவிட்டாய்.

அடுத்த பாடம் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். அதிலும் நமக்கு ஒத்துப்போகாது. எங்கள் கட்சியை மாத முடிவுக்குள் அனுப்பு. ஒழுங்காக எழுதாவிட்டால் திருப்பி அனுப்புவேன்.

அக்கா

*

ஏப்ரல் 18

தம்பிக்கு,

முடிவு வந்துவிட்டது. இரண்டு கல்லூரியிலும் எல்லோரும் தேறிவிட்டார்கள். எபிரெயத்தில் எங்கள் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, உனக்கு நன்றி எழுதச் சொன்னார் எங்கள் முதல்வர். எழுதிவிட்டேன்.

நெட்டை வந்தான். மனம் மாறவில்லையாம். அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை, "நான் வரலப்பா" என்று மட்டும் சொன்னாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் வீட்டிலிருந்து கரையில் நிற்க ஒருவரும் இல்லை. தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன், வேறொன்றும் இல்லை.

அகராதியைத் திருப்பி அனுப்பு. ஆண்டு முடிந்துவிட்டது, நூலகர் கேட்கிறார்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வருகிறேன். கொள்கையளவில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்பதைத் தொட்டிக்கரையில் நின்றபடியே பதிவுசெய்வேன். தலைவரிடமும் சொல்லிவிட்டேன். "போங்க, ஆனா கிட்டப் போய் நிக்காதீங்க, வழுக்கி உள்ள விழுந்துடப் போறீங்க. அப்புறம் உங்களையும் அவங்க கணக்குல எழுதிடுவாங்க" என்றார்.

துண்டு இரண்டு எடுத்து வருகிறேன். ஒன்று நெட்டைக்கு, அவன் உயரத்துக்குப் போர்வையாகத்தான் கொண்டு வர வேண்டும். இன்னொன்று உனக்கு. உன் தலை அன்று காய்ந்துதான் இருக்கும், தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொள். வாங்கும்போது ஒன்றும் சொல்லாதே, நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். சிரிக்கவைக்கவும் மாட்டேன் என்று நினைக்கிறேன்.

இந்த வாரம் பெட்டியைப் பஸ்ஸில் போட வேண்டாம் என்று நூலகரிடம் சொல்லிவிட்டேன். நானே தூக்கி வருகிறேன். அகராதி அதில்தான் இருக்கிறது. அட்டையைப் பார்க்காதே, நேராக உள்ளே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடு.

தம்பி